அமைதியாகப் போராடியதற்குக் கைது: மண்டபத்திலிருந்து வரும் கேள்விகள்

நான் மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். பல ஆண்டுகளாக எனக்கு ஒரே மாதிரி போன் வந்துகொண்டிருக்கிறது. பின்னால் கோஷம் கேட்கும், பஸ் உறுமும், "வக்கீல் சார், எங்களை ஏத்திட்டாங்க, எங்க கொண்டுபோறாங்கன்னு தெரியல" என்று ஒரு குரல் வரும். ஊரும் கோரிக்கையும், கொண்டுபோய் வைக்கும் கல்யாண மண்டபமும் மாறும், கேள்விகள் மாறாது. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது. பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டங்களின் எண்கள். கைது, ஜாமீன் போன்ற நடைமுறைகளைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை பி.என்.எஸ்.எஸ். என்றும், குற்றங்களைச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவை பி.என்.எஸ். என்றும் சுருக்கியிருக்கிறேன். பழைய எண்கள் மனப்பாடம் ஆனவர்களுக்காக அவையும் ஆங்காங்கே உண்டு.

ரோட்டோரமா பதாகையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறதுக்கு உரிமை இருக்கா, இல்லையா?

இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு பேச்சுரிமையையும், ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையையும் குடிமக்களுக்குத் தருகிறது. தெருவும் மைதானமும் அரசின் சொத்துதானே, வேண்டாம் என்றால் போக வேண்டியதுதானே என்று ஒரு வாதம் உண்டு. அதை உச்ச நீதிமன்றம் 1972-லேயே ஹிம்மத் லால் ஷா வழக்கில் தள்ளிவிட்டது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது.

ஆனால் அதே 19-வது பிரிவு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் இடம் தருகிறது. நியாயமான என்ற அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் எல்லாச் சண்டையும். இன்னொன்று, அரசுக்குச் சொந்தமான இடமெல்லாம் பொது இடமாகிவிடாது. ரயில்வே வளாகத்துக்குள் கூட்டம் போடுவது உரிமையாகாது என்று 1969-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. மாலுக்குள், தனியார் வளாகத்துக்குள் சொல்லவே வேண்டாம்.

பர்மிஷன் வாங்காம நின்னா அது குற்றமா?

எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. சென்னையில் 1888-ம் ஆண்டின் நகரக் காவல் சட்டம், 41-வது பிரிவு. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்னும் ஓடுகிறது. கூட்டங்களையும் ஊர்வலங்களையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அது ஆணையருக்குத் தருகிறது. மற்ற மாவட்டங்களில் 1861-ம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 30(2) என்று சொல்வார்கள். அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்தால் அமைதியாக நிற்பவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் உங்களை அப்புறப்படுத்த போலீசுக்கு அது கைவசம் ஒரு காரணமாக இருக்கும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: குறைந்தது ஐந்து நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். நாள், நேரம், இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் எல்லாம் அதில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபால். பதிலே வராவிட்டாலும், மறுத்துவிட்டாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த முத்திரை போட்ட நகல்தான்.

இடத்தைப் பற்றிப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மெரினாவில் போராட அனுமதிப்பதில்லை என்று போலீஸ் நின்றது, 2018-ல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. டெல்லி ஷாஹீன் பாக் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் நாளை உங்களுக்கு எதிராக வாசிக்கப்படப் போவது அதுதான்.

144 போட்டிருக்குன்னு சொல்றாங்க. உண்மையா பொய்யான்னு எப்படித் தெரியும்?

பழைய 144 இப்போது பி.என்.எஸ்.எஸ். 163. அது எழுத்துப்பூர்வமான உத்தரவாக இருக்க வேண்டும். எந்தப் பகுதி, எவ்வளவு நாள், என்ன காரணம் என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது, மாநில அரசு நீட்டித்தால் ஒழிய. காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் (2020), இத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றும், நியாயமான கருத்து வெளிப்பாட்டை அடக்க இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "உத்தரவு எண்ணும் தேதியும் சொல்லுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பல நேரம் 144 என்பது வாயில் மட்டும்தான் இருக்கும்.

நாங்க மூணு பேர்தான் நின்னோம். சட்டவிரோதக் கூட்டம்னு எப்படிப் போட முடியும்?

முடியாது. பி.என்.எஸ். 189-ன்படி (பழைய 141, 143) ஐந்து பேராவது இருக்க வேண்டும். ஐந்து பேர் இருந்தால் மட்டும் போதாது. வன்முறையைக் காட்டி அரசை மிரட்டுவது, சட்டம் நடைமுறையாவதைத் தடுப்பது, குற்றம் செய்வது என்று அந்தப் பிரிவு பட்டியலிடும் நோக்கங்களில் ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ரேஷன் கடை வேண்டும் என்று கேட்பது அந்தப் பட்டியலில் இல்லை.

2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இப்படிப் போடப்பட்ட பல வழக்குகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. தமிழ்நாட்டில் போராட்ட வழக்கு நடத்தும் வக்கீல் எவர் பையிலும் அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று இருக்கும். பின்னால் இன்னும் ஓர் இடத்தில் அது வரும்.

இன்ஸ்பெக்டர் கலைஞ்சு போங்கன்னு சொன்னா உடனே போயிடணுமா?

இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் புதிய சட்டம் பழையதைவிடக் கடுமையாக இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தையோ, பொது அமைதிக்குக் குந்தகம் வரக்கூடிய ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள கூட்டத்தையோ கலையச் சொல்ல, எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத அதிகாரிக்கு பி.என்.எஸ்.எஸ். 148 அதிகாரம் தருகிறது. சட்டவிரோதக் கூட்டம் ஒன்றைக் கலையச் சொன்ன பிறகும் அதில் இருந்தால் தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டாக ஏறிவிடும்.

அதோடு பி.என்.எஸ்.எஸ். 172 என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். குற்றத் தடுப்புக் கடமையில் ஒரு போலீஸ் அதிகாரி தரும் சட்டப்படியான உத்தரவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படாதவரை அவர் பிடித்து வைக்கலாம். நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் கொண்டுபோகலாம், சின்ன விஷயமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். சட்டப்படியான உத்தரவுதானா என்று பின்னால் கோர்ட்டில் கேட்கலாம். ரோட்டில் நின்று அதைத் தீர்க்க முடியாது. கலைவதா, கைதாவதா என்பதை நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். தடுமாறி நிற்கும்போதுதான் தள்ளுமுள்ளு வருகிறது.

வேன்ல ஏத்தும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

கோஷம் போடலாம், உடம்பைத் தளர்த்திக்கொண்டு உட்காரலாம், தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்று இருக்கலாம். ஆனால் கை மட்டும் நீளக் கூடாது. அரசு ஊழியர் மீது பலப்பிரயோகம் என்ற பி.என்.எஸ். 132 (பழைய 353) ஜாமீனில் விட முடியாத பிரிவு. சட்டையைப் பிடித்தார், தொப்பியைத் தட்டினார் என்று ஒரு வரி எழுதினால் போதும், சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டியவர் சிறைக்குப் போவார். பஸ் கண்ணாடி உடைந்தால் தமிழ்நாட்டின் 1992-ம் ஆண்டு பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். உங்களில் ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருப்பது நல்லது. அடுத்த முறை அவர் முறை, இந்த முறை நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துல வச்சிருந்து சாயங்காலம் விட்டுட்டாங்க. அது அரெஸ்ட்டா, இல்லையா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் போராடிய எவருக்கும் கல்யாண மண்டபம் தெரியும். காலையில் ஏற்றுவார்கள், ஏதோ ஒரு மண்டபத்தில் இறக்குவார்கள், மத்தியானம் சாம்பார் சாதம் வரும், ஆறு மணிக்கு மேல் "போகலாம்" என்பார்கள். மறுநாள் பேப்பரில் "200 பேர் கைது, மாலையில் விடுவிப்பு" என்று ஒற்றை வரி.

உங்களை உங்கள் விருப்பப்படி வெளியே போக விடவில்லை என்றால் அது காவல்தான். லாக்கப் கம்பி இருக்க வேண்டும் என்றில்லை. மண்டபத்து வாசலில் இரண்டு கான்ஸ்டபிள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலே போதும். போலீசார் பெரும்பாலும் இதைத் தடுப்புக் கைது என்பார்கள், அதாவது பி.என்.எஸ்.எஸ். 170 (பழைய 151). பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றை ஒருவர் செய்யத் திட்டமிடுகிறார், வேறு வழியில் தடுக்க முடியாது என்று தோன்றினால் கைது செய்யலாம், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது என்பது அந்தப் பிரிவு. மேலே சொன்ன 172-ம் இப்போது இதற்கு வசதியாகிவிட்டது. எதன் கீழ் வைத்திருந்தாலும் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும்.

நடப்பில் என்ன ஆகிறது? பெயர், அப்பா பெயர், முகவரி, போன் எண் எழுதி வாங்குவார்கள். உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட வராது. சாயங்காலம் விட்டார்கள், கதை முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் எஃப்.ஐ.ஆரில் போய் உட்கார்ந்திருக்கும். விட்டுவிடுவது வேறு, வழக்கு இல்லை என்பது வேறு. மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் காவல் நிலையம், எந்தப் பிரிவு, குற்ற எண் உண்டா. பதில் வராவிட்டால், யாரிடம் எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். வீட்டுக்குப் போனதும் இரண்டு நாள் கழித்து தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பக்கத்தைப் பாருங்கள்.

கைதுன்னா என்ன பேப்பர் தரணும்?

பி.என்.எஸ்.எஸ். 36-ன்படி கைது செய்பவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைது குறிப்பாணை எழுதி, ஒரு சாட்சியின் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் வாங்க வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகள்தான் பின்னால் சட்டமாயின. 47-ன்படி எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும். 48-ன்படி நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும்.

காரணத்தை வாயால் சொன்னால் போதுமா என்பது நீண்ட நாள் சண்டை. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் அது தீர்ந்தது: எந்தக் குற்றமானாலும், கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும். உடனே முடியாத நிலை என்றால், நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தந்திருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள்.

பேர், அட்ரஸ் சொல்லியே ஆகணுமா? கையெழுத்து கேட்டா போடலாமா?

பெயரும் முகவரியும் சரியாகச் சொல்லுங்கள். மறுத்தாலோ பொய் சொன்னாலோ அதுவே கைதுக்குக் காரணமாகலாம் (பி.என்.எஸ்.எஸ். 39). அதற்கு மேல், யார் கூப்பிட்டது, பணம் யார் தந்தது, வாட்ஸ்அப் குரூப்பில் யார் யார் என்பதற்கெல்லாம் பதில் சொல்லி உங்களை நீங்களே மாட்டிவிட வேண்டியதில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(3).

கைது குறிப்பாணையில் கையெழுத்துப் போடலாம். நேரத்தை வேறாக எழுதியிருந்தால் பக்கத்தில் சரியான நேரத்தை எழுதிப் போடுங்கள். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 181 சொல்கிறது. வெள்ளைத் தாளில் கையெழுத்தா? எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். "ஃபார்மாலிட்டிதான் தம்பி" என்று அன்பாகக் கேட்டாலும் வேண்டாம்.

போனைப் பிடுங்கி லாக்கைத் திறக்கச் சொல்றாங்களே?

பொது இடத்தில் போலீசைப் படம் எடுப்பதே குற்றம் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. வேலைக்குக் குறுக்கே போய் நின்று எடுத்தால் இடையூறு என்பார்கள், அது பி.என்.எஸ். 221. போனை எடுத்துக்கொண்டால் எதற்கு, எந்த வழக்கில் என்று கேட்டு, கைப்பற்றுதல் மகஜர் (எடுத்ததைப் பதிவு செய்யும் காகிதம்) கேளுங்கள். கைப்பற்றியதை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. கடவுச்சொல்லைச் சொல்ல மறுக்கலாமா என்பதில் எல்லா நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. நான் என்னை அழைப்பவர்களிடம், வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லச் சொல்கிறேன். கிளம்பும் முன்பே விரல்ரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எங்கம்மா, பாட்டி எல்லாம் வந்திருந்தாங்க. பொண்ணுங்களையும் பெரியவங்களையும் ராத்திரி வரைக்கும் வச்சிருக்கலாமா?

சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி, முதல் வகுப்பு நடுவரின் முன் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். இதை மீறினாலே கைது செல்லாமல் போய்விடாது என்று மதுரைக் கிளை 2025-ல் சொல்லியிருக்கிறது, ஆனால் அதிகாரி விளக்கம் சொல்லியாக வேண்டும். பகலில் பிடித்து இரவில் விடும்போது இந்தப் பிரிவு நேரடியாக உதவாது, அதனால் இருட்டும் முன்பே பெண்களை அனுப்பச் சொல்லி அழுத்தம் கொடுங்கள்.

60 வயதுக்கு மேற்பட்டவர், உடல்நலம் குன்றியவர் என்றால், மூன்று ஆண்டுக்கும் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது (பி.என்.எஸ்.எஸ். 35(7)). பாட்டியின் ஆதார் நகல் பையில் இருக்கட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களை லாக்கப்பில் வைக்கவே கூடாது, அவர்கள் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டியவர்கள். விலங்கு பற்றியும் கேட்பார்கள்: கொலை, சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருப்பது, பயங்கரவாதம் என்று நீளும் பட்டியலுக்குத்தான் பி.என்.எஸ்.எஸ். 43(3) விலங்கை அனுமதிக்கிறது. மறியல் அதில் இல்லை.

சாயங்காலம் விடலைன்னா என்ன ஆகும்?

24 மணி நேரத்துக்குள், பயண நேரத்தைக் கழித்து, நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஞாயிறு, தீபாவளி எல்லாம் கணக்கில்லை, நடுவர் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். வேனில் ஏற்றிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். ஸ்டேஷனில் பேரேட்டில் எழுதிய நேரத்திலிருந்து அல்ல. வீடியோ எடுத்தவர் இங்கே உதவுவார்.

போராட்டத்தில் வழக்கமாகப் போடும் பி.என்.எஸ். பிரிவுகள் 189(2), 223 (அரசு உத்தரவை மீறுதல்), 285 (பாதையை மறித்தல்), 126(2) (வழி மறித்தல்). எல்லாமே ஜாமீன் உரிமை உள்ளவை. இவற்றுக்குக் காவல் நிலையத்திலேயே ஜாமீன் தர வேண்டும், தயவு அல்ல. 132 சேர்ந்துவிட்டால் நடுவர் முன்தான். நடுவர் "ஏதாவது சொல்லணுமா" என்று கேட்கும்போது அடி விழுந்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். பயந்து தலையாட்டிவிட்டு, சிறைக்குப் போன பிறகு என்னிடம் சொல்கிறவர்கள் நிறையப் பேர். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

வக்கீல் வைக்கக் காசில்லை.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வீட்டிலிருந்து ஒருவரை அனுப்புங்கள்.

எட்டு மாசம் கழிச்சு சம்மன் வந்திருக்கு. அன்னைக்குத்தான் விட்டுட்டாங்களே?

மண்டபக் கேள்வியில் சொன்னது இதைத்தான். பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். போகாமல் இருந்தால் பிடியாணை வரும், அப்போதுதான் உண்மையான தொல்லை.

சம்மனோடு வரும் குற்றப்பத்திரிகையில் முதலில் தேதியைப் பாருங்கள். ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு ஓராண்டு, அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம் என்று காலவரம்பு உண்டு, புதிய சட்டத்தில் அந்தக் கணக்கு எஃப்.ஐ.ஆர். பதிவான தேதி வரைதான் (பி.என்.எஸ்.எஸ். 514). தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு, ஆனால் தானாக நடக்காது. அடுத்து பிரிவுகளைப் பாருங்கள். அரசு உத்தரவை மீறினார் என்ற பி.என்.எஸ். 223-க்கு (பழைய 188) சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்தில் நேராக நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும், போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு நடத்த முடியாது. ஜீவானந்தம் தீர்ப்பு இதையும் விரிவாகச் சொல்கிறது. இவை இரண்டில் ஒன்று பொருந்தினாலும் உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் (பழைய 482) ரத்து மனு போடலாம். எல்லோரும் சேர்ந்து ஒரே மனு போட்டால் செலவும் குறையும்.

அரசே வழக்கைத் திரும்பப் பெறுவதும் நடக்கும். குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததோடு முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் உங்கள் வழக்கு முடியும்.

ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா வழக்கு முடிஞ்சிடும்னு ஏட்டு சொல்றார். கட்டிடலாமா?

முடியும், தண்டனையாக முடியும். குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 ரூபாய் கட்டினாலும் அதற்குப் பெயர் குற்றவாளி என்ற தீர்ப்பு. ஏட்டு நல்லவராகவே இருக்கலாம், அவருக்குக் கோப்பை மூட வேண்டும். வாய்தாவுக்கு அலைய முடியாத கூலித் தொழிலாளிக்கு நான் கட்டச் சொன்னதும் உண்டு. 22 வயதுப் பையனுக்குச் சொல்லவே மாட்டேன். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போயிடுமா?

விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். வழக்கைவிட மறைத்ததற்காக வேலை போனவர்கள் அதிகம். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கோஷம் போட்டது போன்ற இளவயதுச் சின்ன வழக்குகளை அதிகாரிகள் பெரிதாக எடுக்காமல் விடலாம் என்ற பொருளில் பேசியிருக்கிறது. போலீஸ் வேலை என்றால் பார்வை கடுமையாக இருக்கும். வழக்கு நிலுவையில் இருக்கிறதே என்று எதுவும் எழுதாமல் விடுவதைவிட, ரத்து உத்தரவை இணைத்துக் கொடுப்பது மேல்.

பாஸ்போர்ட்டுக்கு எஃப்.ஐ.ஆர். மட்டும் தடையல்ல. நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்திருந்தால்தான் தடை. அப்போதும் அந்த நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் 1993-ம் ஆண்டு அறிவிக்கையின்படி தருவார்கள். ஏற்கெனவே அரசு ஊழியராக இருப்பவர்கள் 48 மணி நேரக் கணக்கை நினைவில் வையுங்கள். அதைத் தாண்டிக் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம் தானாக வந்துவிடும்.

போராட்டத்துக்கு முந்தின நாளே வீட்டு வாசல்ல போலீஸ் உக்காந்துக்கிட்டு வெளிய விடல. இது எந்தச் சட்டம்?

வீட்டுக் காவல் என்று போலீஸ் தானாகப் போடக்கூடிய ஒன்று நடைமுறைச் சட்டத்தில் இல்லை. நீதிமன்றம் உத்தரவிடலாம், அது வேறு. எந்த உத்தரவு என்று எழுத்தில் கேளுங்கள், வாசலில் உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுங்கள். 170 என்று சொன்னால் மண்டபத்துக்குச் சொன்ன நிபந்தனைகளும் 24 மணி நேரமும் இங்கேயும் பொருந்தும்.

சிலருக்கு வேறு வழி: அமைதி காப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடு என்று நோட்டீஸ் வரும் (பி.என்.எஸ்.எஸ். 126, பழைய 107). சென்னை போன்ற நகரங்களில் அந்த அதிகாரத்தைப் போலீஸ் துணை ஆணையர்களுக்கே தந்திருந்த அரசாணைகளை 2023-ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பிடிப்பவரே நீதிபதியாகவும் உட்கார முடியாது, இல்லையா. அந்த நோட்டீசுக்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த போராட்டத்துக்குப் போனால் அதை மீறியதாகச் சிறையில் வைக்கலாம்.

போஸ்டர் ஒட்டினதுக்கு, கோலம் போட்டதுக்கு எல்லாம் கைது பண்ணுவாங்களா?

பண்ணியிருக்கிறார்கள். 2019 டிசம்பர் இறுதியில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைப் பிடித்து வைத்து, பிறகு விட்டார்கள். மார்கழி மாதம் வேறு. மறுநாளிலிருந்து ஊரெல்லாம் வாசலுக்கு வாசல் அதே கோலம்.

உங்கள் வாசலில், வீட்டுக்காரர் சம்மதத்தோடு போட்டால் குற்றம் இல்லை. போஸ்டரும் சுவரெழுத்தும் வேறு. 1959-ம் ஆண்டு பொது இடங்கள் அலங்கோலத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதினீர்கள் என்பது முக்கியமே இல்லை, எங்கே ஒட்டினீர்கள் என்பதுதான்.

குண்டர் சட்டம் போடுவோம்னு மிரட்டுறாங்க. போட முடியுமா?

போட முடியும், நிற்குமா என்பது வேறு. 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க வழிசெய்கிறது. 2017 மே மாதம் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனவர்களில் நால்வர் மீது அது பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வெற்றிதான், ஆனால் நடுவில் போன அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது? மிரட்டல் வந்தால் யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றே வக்கீலுக்கு எழுதி அனுப்பி வையுங்கள்.

நான் இலங்கை அகதி முகாம்ல இருக்கேன். நானும் நிக்கலாமா?

19-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும். கைதானால் காரணம் சொல்வது, வக்கீல், 24 மணி நேரம் ஆகியவை உங்களுக்கும் உண்டு. ஆனால் உங்களுக்கு ஆபத்து வழக்கோடு நிற்காது, முகாம் பதிவு வரை போகும். முதல் வரிசையில் நிற்காதீர்கள் என்றுதான் சொல்வேன், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும்.

மறியல்னாலே கைதாகத்தானே போறோம். அப்புறம் உரிமை மீறல்னு எப்படிச் சொல்றது?

நல்ல கேள்வி. சிறை நிரப்புவேன் என்று சொல்லிப் போகிறவர், சாலையை மறித்த குற்றத்துக்கான விலையை ஏற்கிறார். அதைப் பிறகு அநியாயக் கைது என்று வாதாடினால் கோர்ட்டில் எடுபடாது. ரயில் மறியல் என்றால் ரயில்வே சட்டம் 174-ல் இரண்டு ஆண்டு வரை தண்டனை, அதையும் தெரிந்து போக வேண்டும்.

ஆனால் தானாகக் கைதானவரும் காகிதம் கேட்கலாம். தண்ணீர், கழிப்பறை, வக்கீல், நேரக்கணக்கு எதுவும் குறையக் கூடாது. கைதுக்கு ஒப்புக்கொண்டவர் அடிக்கு ஒப்புக்கொள்ளவில்லை. நடைபாதையில் ஓரமாக நின்றவரையும் மறியல்காரர்களோடு சேர்த்து ஏற்றிவிட்டார்கள் என்றால், அவர் தன் வழக்கைத் தனியாக நடத்துவது நல்லது.

தப்பா பிடிச்சு வச்சதுக்கு நஷ்டஈடு கேக்க முடியுமா?

மூன்று கதவு இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட், சட்டவிரோதக் காவலுக்கு இழப்பீடு தரலாம் என்பது 1983 ருதுல் ஷா வழக்கு முதல் வழக்கத்தில் இருப்பது. மாநில மனித உரிமை ஆணையம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள். சிவில் வழக்கு, அதற்கும் காவல் முடிந்ததிலிருந்து ஓராண்டு. ஒரு மத்தியான மண்டபத்துக்குப் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். இரவு முழுக்க வைத்திருந்தது, அடித்தது, வீட்டுக்குச் சொல்லாதது இருந்தால் முயலலாம். எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்கப்போவது நீங்கள் அன்று எழுதி வைத்த நேரங்களை, அரசு மருத்துவமனைச் சீட்டை, அந்த வீடியோவை. காயம் இருந்தால் அன்று ராத்திரியே மருத்துவமனைக்குப் போய், யார் அடித்தார்கள் என்பதையும் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து நகல் வாங்குங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.